மூடிவைத்த தண்ணீர்

இந்த ஊரில் தண்ணீரை மூடிவைக்கிறார்கள். குடத்துத் தண்ணீரைச் சொல்லவில்லை. அதை நாமும்தான் தட்டுப் போட்டு மூடுவோம். இங்கே வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நீச்சல் குளத்தையே மூடுகிறார்கள். செப்டம்பர் முடிந்து மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கியதும், தெருவில் உள்ள ஆண்கள் எல்லாம் ஆளுக்கொரு நீலப் படுதாவைத் தோட்டத்தில் இழுத்துக்கொண்டு திரிவார்கள். நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் நானும் என் மனைவி கிரேஸும் இதைப் பார்த்துச் சிரித்தோம். இப்போது நானும் இழுக்கிறேன்.

கிரேஸ் வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்தவள். எழுபதுகளின் கடைசியில் அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. அவள் பின்னாலேயே நானும் ஆம்பூரை விட்டு வந்தேன். நாலு வருடம் கழித்து வாங்கிய வீட்டோடு குளமும் வந்து சேர்ந்தது. இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. பாலாற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு எங்கே தெரியும்? அந்த ஆற்றில் தண்ணீரைவிட மணல்தான் ஜாஸ்தி.

நீந்தாவிட்டாலும் குளம் நம்மைச் சும்மா விடாது. குளிருக்கு முன்னால் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி, மருந்து கலந்து, படுதாவை விரித்து, காற்று தூக்காமல் இருக்க ஓரமெல்லாம் தண்ணீர் நிரப்பிய நீளப் பைகளை அடுக்க வேண்டும். அதன்மேல் மழை தேங்கும். அதைச் சின்ன மோட்டார் வைத்து இறைக்காவிட்டால் பாரம் தாங்காமல் படுதா கிழியும். பனி உறைந்தால் கம்பால் தட்டக்கூடாது. அதுவாக உருகும்வரை பொறுக்க வேண்டும். மே மாதம், மேலே உள்ள அழுக்கு உள்ளே சரியாமல் படுதாவை எடுத்து, தேய்த்துக் கழுவி, இரண்டு பக்கமும் உலர்த்தி, பவுடர் தூவி மடித்து, எலி நுழையாத டிரம்மில் வைக்க வேண்டும். கோடையிலும் ஓய்வு கிடையாது. வெதுவெதுப்பு போகாமல் இருக்க ராத்திரிக்கு வேறொரு மெல்லிய படுதா. கைக்குழந்தையைக்கூட இத்தனை தடவை போர்த்திவிட மாட்டார்கள்.

முதல் வருடமே நான் ஒரு கோளாறு செய்தேன். குளிர்காலம் முடிந்து எடுத்தபோது படுதா விறைத்துப் போயிருந்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் ஏழு வருடம் சூப்பர்வைசராக இருந்தவனுக்கு, விறைத்த பொருளைப் பார்த்தால் கை தானாக எண்ணெயைத் தேடும். சமையல் எண்ணெயை ஊற்றி, முழங்கை வலிக்க வலிக்கப் படுதா முழுவதும் நீவினேன். கிரேஸ் வாசலில் வந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இது இன்னா ஆட்டுத் தோலா, எண்ணெ போட்டு நீவறதுக்கு?"

"பாரு, எப்படி மெதுவாகுதுன்னு," என்றேன்.

ஆகவில்லை. அக்டோபரில் பிரித்தபோது மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர்மேல் விரித்ததும், ஓரத்தில் எண்ணெய் கசிந்து வானவில் நிறத்தில் ஏடு கட்டியது. அந்த ஏட்டைப் பார்த்ததும் கையில் இருந்த தண்ணீர்ப் பையைக் கீழே போட்டுவிட்டேன். அதே ஏட்டை ஏழு வருடம் தினமும் பார்த்தவன் நான்.

எங்கள் தோல் ஷாப்பின் பின்னால் ஒரு குட்டை இருந்தது. தோல் ஊறவைத்த தொட்டிகளின் கழிவெல்லாம் அதில்தான் போய் விழும். அங்கிருந்து மூன்றாவது தெருவில் எங்கள் வீடு. அப்பா அம்மா காலமான பிறகு நானும், பள்ளிக்கூட டீச்சரான எஸ்தர் அக்காவும் அங்கே இருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகாத காலம். தெருக் கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கியது. சோறு மஞ்சளாக வெந்தது. தெருக்காரர்கள் கூடி, அந்தக் குட்டைதான் காரணம் என்று மனு எழுதினார்கள். எழுதிய கை அக்காவுடையது. அவள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

பார்வையிட ஆபீசர் வருகிறார் என்று தெரிந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "சாமுவேல், நாளைக்கு அவர் வர்றார். குட்டை கண்ணுல படக்கூடாது. பேஜார் ஆய்டும்."

சவுக்குக் கம்புகளைக் குறுக்கே போட்டு, தென்னங்கீற்று பரப்பி, அதன்மேல் தோலோடு தொட்டியில் ஊறிச் சக்கையான ஆவாரம்பட்டையைக் கொட்டினோம். பட்டை காயவைக்கிற களம் மாதிரியே இருந்தது. ஆட்களை வைத்துச் செய்தவன் நான்தான். நாற்றத்தை யார் பிரித்துப் பார்ப்பது? தோல் ஷாப் முழுக்க ஒரே நாற்றம். ஆபீசர் பத்தடி தள்ளி நின்று டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா கேட்டாள். "குட்டையே இல்லன்னு எழுதிட்டுப் போய்ட்டாராம்டா. நீ அங்கதானே இருந்தே?"

"நான் ஆபீஸ் ரூம்ல இருந்தேன்க்கா."

அவள் நம்பினாள். நான் பொய் சொல்வேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த நம்பிக்கைதான் இன்றுவரை என்னை அறுக்கிறது.

இங்கே பக்கத்து வீட்டு வால்டர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எண்ணெய்ப் படுதாவைத் தூக்கி எறிய அவர்தான் உதவினார். "உங்கள் ஊரிலும் குளத்தை மூடுவீர்களா?" என்று கேட்டார். "ஒரு தடவை மூடியிருக்கிறேன்," என்றேன். "எவ்வளவு பெரியது?" "இதைவிடப் பெரியது." அவர் என்னை ஒரு புது மரியாதையோடு பார்த்தார். அடுத்த வாரமே, உன் புருஷன் பெரிய இடத்துப் பிள்ளையாமே என்று கிரேஸிடம் கேட்டிருக்கிறார்.

"இன்னாங்க சொல்லி வச்சிருக்கீங்க அந்த மனுஷன்கிட்ட?" என்று சிரித்தாள் கிரேஸ். அவளிடமும் நான் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் அக்காவின் கடிதம் வந்தது. கிணற்றுத் தண்ணீர் பாத்திரம் தேய்க்கக்கூட ஆகவில்லையாம். தெருமுனைக் குழாயில் வரிசையில் நின்று குடம் எடுத்து வருகிறாளாம், முழங்கால் வலியோடு. 'கிணத்து மேல தகரம் போட்டு மூடியாச்சு. மொளகா காயவைக்க நல்ல இடம்' என்று எழுதியிருந்தாள். சிரிக்க வைக்கத்தான் எழுதியிருப்பாள். எனக்கு அழுகை வந்தது.

அக்கா, ஆம்பூருக்கு வரும் இந்தப் பத்திரிகையை நீ ஒரு வரி விடாமல் படிப்பாய். கடிதமாக எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். மூன்று தடவையும் உடம்பைப் பார்த்துக்கொள் என்று முடித்துவிட்டேன். அதனால் எல்லோரும் பார்க்க இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு நான் ஆபீஸ் ரூமில் இல்லை. குட்டை ஓரத்தில்தான் இருந்தேன். காற்றில் ஒரு கீற்று தூக்கியது. ஆபீசர் டீ குடித்து முடிக்கும்வரை அதைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றேன். நான் காலை எடுத்திருந்தால் போதும், அவர் பார்த்திருப்பார்.

மே மாதம் வந்தால் இந்தக் குளத்தைத் திறந்துவிடுவேன். அடி வரைக்கும் தெரிகிற தண்ணீர்; குளிக்க ஆளில்லை. உன் கிணற்றைத் திறக்க எனக்கு வழி தெரியவில்லை.

இன்று காலை காற்றடித்துப் படுதாவின் ஒரு மூலை எழும்பியது. ஓடிப்போய்க் காலால் மிதித்தேன். காபி ஆறுகிறது என்று கிரேஸ் உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். காற்று எப்போதோ நின்றிருந்தது. நான் காலை எடுக்காமல் அங்கேயே நின்றேன்.