மாமாவின் டொரண்ட் தர்மம்

எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும் பழி பனிமூட்டத்தின் மேல்தான் விழும். தீக்குச்சி பற்றாவிட்டாலும் பனி, ரேடியோ கரகரத்தாலும் பனி. ஆகவே அக்கரபத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் இன்டர்நெட் படுத்துக்கொண்டபோது, அப்பா ரவுட்டரைத் தூக்கி, உப்பும் தீப்பெட்டியும் ஈரம் படாமலிருக்க வைக்கும் அடுப்பு மேல் தட்டில் வைத்துவிட்டார். அது புகை குடித்துக் கறுத்ததே தவிர வேகம் பிடிக்கவில்லை.

குவைத்தில் வீட்டு வேலை செய்த அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை மதியம்தான் கொஞ்சம் ஓய்வு. அதற்காகப் பத்து வயது நானும் தம்பியும் வாரம் முழுக்கக் காத்திருப்போம். போன் திரையில் அம்மா தெளிவாகவே வருவார். அவருக்குத்தான் நாங்கள் தெரிவதில்லை. "ஏன் புள்ள, எல்லாரும் செலையாட்டம் உக்காந்திருக்கீங்க? பேசுங்க" என்பார். நாங்களோ தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்போம்.

எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, தலவாக்கலையில் ஒரு போன் கடையில் வேலை பார்த்தார். முதலாளி முஸ்லிம் என்பதால் வெள்ளிக்கிழமை கடை மூடியிருக்கும். மாமா வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்து, லயத்துக்கே வேண்டிய படங்களை டொரண்டில் இறக்குவார். அப்படி இறக்கிய படத்தை மற்றவர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்; வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம். மாமா நிறுத்தமாட்டார். பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை எங்கள் லயத்தில் யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். "முன்னப் பின்ன தெரியாதவன் குடுத்தத வாங்கிட்டு வெறுங்கிண்ணத்தையா நீட்டுறது?" என்று எல்லாப் படங்களையும் உலகத்துக்குத் திறந்துவைத்திருந்தார். அந்தப் படங்கள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு மட்டும் அவர் தர்மத்தில் இடமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, எங்களைக் காணாமலே அம்மா அழைப்பைத் துண்டித்ததும் தம்பி ஓவென்று அழுதான். விழுந்த பல்லை அம்மாவிடம் காட்டவென்றே உள்ளங்கையில் பொத்திவைத்திருந்தான். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. ரவுட்டரை அடுப்படியிலிருந்து மீட்டு, ஜன்னலோரம் வைத்து, மறுபடி அம்மாவைக் கூப்பிட்டார். அதே கதைதான்.

"ஒனக்கு அம்மா தெரியிறாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"நல்லா தெரியிறாங்களே."

"அப்ப வர்றது சரியா வருது. இங்கருந்து போறதுக்குத்தான் வழியில்ல" என்று சொன்னவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார், அப்படியே நின்றார். ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் எங்கள் வீட்டிலிருந்து படம் படமாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த நெரிசலில் எங்கள் முகம் அம்மாவுக்குப் போய்ச் சேர முடியவில்லை. பாவம், நல்லவராக இருந்தே மனுஷன் கெடுத்துவைத்திருந்தார். "அட, சண்டாளன் நான்தானா" என்று தலையில் அடித்துக்கொண்டு கம்ப்யூட்டரை அணைத்தார்.

சற்று நேரத்தில் அம்மாவின் கண்கள் விரிந்தன. நாங்கள் அசைவது தெரிந்துவிட்டது. தம்பி பல்லைக் காட்டினான், பல் விழுந்த இடத்தையும் காட்டினான். என்னை எழுந்து நிற்கச் சொன்னார் அம்மா. அவர் அனுப்பியிருந்த புது கவுன் எனக்கு முழங்காலுக்கு மேலே ஏறி நின்றது. "இம்புட்டு வளந்துட்டியா?" என்றார். அடுத்த கணம் அம்மாவின் படம் இருண்டுவிட்டது.

"இங்க நெட்டு சரியில்ல புள்ள. நீங்க பேசுங்க, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று குரல் மட்டும் வந்தது. இடையிடையே மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

எனக்கு வந்ததே கோபம். "மாமா, மறுபடியும் போச்சு! எல்லாம் ஒங்களாலதான்!" என்று கத்தினேன். மாமா ரவுட்டரைப் பார்த்தார். விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்தன. இருண்ட போன் திரையைப் பார்த்தார். "ஆமா புள்ள, என் தப்புதான். இரு, சரி பண்றேன்" என்று எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கோளாறும் இல்லாத வயரை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

கேமராவை அம்மா தன் கையாலேயே அணைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மாமாவுக்கு இன்டர்நெட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று அடுத்த நாள் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.