டயருக்குள் நான்கு சென்சர்கள்

இரண்டே இருக்கைகள் உள்ள அந்தப் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை நான் வாங்கியபோதே டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டயரில் காற்றுக் குறைந்தால் எரியவேண்டிய விளக்கு. டயர்களுக்குள் இருக்கும் சென்சர்களின் பெட்டரி செத்துப்போனதால், காற்று இருந்தாலும் எரிந்தது. அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு மூன்று வருடம் ஓடினேன்.

போன வருடம் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் வலது காது முழுதாக அடைத்துவிட்டது. இடது காதில் பாதிதான் மிச்சம். கார் ஓட்டத் தடையில்லை என்றார் டொக்டர். எனக்குத்தான் பயம். விற்றுவிடலாம் என்று நினைத்து, டயர்களைச் சரிபார்க்கக் கல்முனையில் வழக்கமாகப் போகும் டயர்க் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பாண்டிருப்பைச் சேர்ந்தவர், என்னைவிட இளையவர்; அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்பார். டேப்பை உரித்துப் பார்த்துவிட்டு என் இடது காதோரம் குனிந்தார்.

"காக்கா, டயர்ச் சில்லுச் சத்தம் மாறினா உங்களுக்கு விளங்காது. கண்ணுக்குத் தெரியுற மாதிரி முதல்ல இதச் செய்வம். விக்கிறத மறுகா யோசிங்க."

கடற்காற்றில் உப்புப் பிடித்து, பழைய சென்சர்களின் வால்வுகள் ரிம்மோடு இறுகிக் கிடந்தன. ரிம்மில் கீறல் விழாமல் அவற்றைக் கழற்ற ஒரு முழுக் காலைப்பொழுது போனது. புதிய நான்கையும் பூட்டி டயர்களை ஏற்றினார். விளக்கு அணையவில்லை. சென்சரின் அலைவரிசை வேறு. கார் அதை ஏற்கவில்லை.

"பிழை என்ட பக்கந்தான், காக்கா. இதுதான் சரியெண்டு எடுப்பிச்சது நான்" என்றார்.

சரியான சென்சர்கள் வந்ததும் நான்கு டயர்களையும் திரும்பக் கழற்றினார். முகம் கோணவில்லை. ஒரு சிறிய கருவியை ஒவ்வொரு சில்லருகிலும் பிடித்து, சென்சரைக் காருக்கு அடையாளம் காட்டினார். பிறகு என்னோடு ஏறி உட்கார்ந்தார். நாவிதன்வெளி வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்தது. அவர் என் தோளில் தட்டினார்.

இரண்டு மாதம் கழித்து நானும் மனைவியும் பொத்துவிலில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனோம். கோமாரியை நெருங்கும்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. நிறுத்தி இறங்கினேன். பின்பக்க இடது டயரில் ஒரு ஆணி. காற்றுப் பாதிக்கு மேல் போயிருந்தது.

"எனக்கும் ஒரு சத்தமும் கேக்கல்லியே!" என்றாள் மனைவி. அவளுடைய இரண்டு காதும் நல்ல காதுகள்.

கையோடிருந்த பம்பால் காற்றடித்தேன். பிறகு கடைக்காரருக்கு அழைத்தேன். போனில் எனக்கு எதுவும் பிடிபடாது.

"தம்பி, நீங்க சொல்றது எனக்குக் கேக்காது. நான் சொல்றதக் கேளுங்க. விளக்கு எரிஞ்சிச்சு. நாங்க ரெண்டு பேரும் சுகமா நிக்கிறம். அல்லாஹ் உங்களுக்கு ஒரு குறையும் வெக்காம இரிக்கணும்."

போனை மனைவியிடம் கொடுத்தேன். அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஆணியப் புடுங்க வேணாமாம். பொத்துவில் வரைக்கும் மெதுவாப் போகட்டாம்."

மெதுவாகவே போனோம். காரை இன்னும் விற்கவில்லை.