கருப்பசாமியின் கில்லார்னி

"கோட்டைக்கு நடந்தே போயிரலாமுங்க. குதிரை வண்டிக்காரங்க கூப்புடுவாங்க, ஏறிராதீங்க. வர்றப்ப ஏறிக்கலாம். புள்ளைங்களுக்குக் கால் வலிக்கறது வர்றப்பத்தானுங்க."

சனிக்கிழமை காலையென்றால் இதுதான். டெக்சாஸின் இர்விங்கில் எங்கள் அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தருகே கருப்பசாமி இன்னொரு குடும்பத்தை அயர்லாந்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். பொள்ளாச்சிக்காரர். வாரநாளில் லாஸ் கொலினாஸில் சாஃப்ட்வேர் வேலை. வார இறுதியில், அந்நாட்டின் கில்லார்னி என்கிற ஏரிக்கரை ஊருக்கு எங்கள் வளாகத்தின் தூதர். ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்தபோது ஒருநாள் தானாக வந்த ஏரிப் படம் பிடித்துப்போய் ஆரம்பித்த பைத்தியம் இது.

ராஸ் கோட்டையடியில் படகு எப்போது கிளம்பும், டார்க் அருவிக்குப் போகும் வழியில் குழந்தையின் ஸ்ட்ரோலரை எங்கே மடக்க வேண்டும், தயிர் சாதத்துக்குத் தயிர் எங்கே, துணி துவைக்க எங்கே, ஏரியைப் பார்த்தபடி சாப்பாட்டு டப்பாவைத் திறக்க எந்த பெஞ்ச் என்று நான்கு தாள் அட்டவணை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். "மழை வருமான்னு கேக்காதீங்க. எத்தனை தடவைன்னு கேளுங்க" என்பார்.

இத்தனைக்கும் அவர் அங்கே போயிருந்ததில்லை. பதினொரு வருடமாக வேலை விசா. வெளிநாடு போனால் திரும்பி வரப் புதிதாக விசா முத்திரை வாங்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் வேலையும் வீடும் என்னாவது என்ற பயத்தில் டெக்சாஸிலேயே உட்கார்ந்திருந்தார்.

மூன்று வருடம் முன் நாங்கள் போனோம். அட்டவணை அச்சுப் பிசகவில்லை. ஆனால் நாங்கள் இங்கிருந்து தூக்கிப்போன ரைஸ் குக்கரைச் சொருகியதும் புகை கிளம்பி, விடுதியே இருட்டாகிவிட்டது. பிளக்குக்கு அடாப்டர் வேண்டும் என்று எழுதியவர், அங்கே மின்சாரம் இரண்டு மடங்கு வோல்ட் என்பதை விட்டுவிட்டார். ஊர் திரும்பிச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"நேர்ல போனவனா இருந்தா தெரிஞ்சிருக்குமுங்க."

ஏன்தான் சொன்னோமோ என்றாகிவிட்டது எனக்கு. மறுநாளே அட்டவணையின் முதல் வரியாக ஏறியது: 'அமெரிக்க குக்கர் கூடாது.'

இந்த மார்ச்சில் அவருக்கு கிரீன் கார்டு வந்தது; இனிப் பயமில்லாமல் வெளிநாடு போய் வரலாம். மே மாதம் அயர்லாந்து விசாவும் வந்தது. சென்ற வாரம் நான்தான் அவர்களை ஏர்போர்ட்டுக்கு டிரைவ் பண்ணினேன்.

"ஏனுங்க, போனதும் மொதல்ல எங்கீங்க போறோம்?" என்றார் அவர் மனைவி வசந்தாமணி.

"அம்மா, டோன்ட் ஆஸ்க்! ஹீ வில் ஸ்டார்ட்!" என்று அலறினாள் மகள் ஓவியா.

அவர் ஆரம்பிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

ஏர்போர்ட் வாசலில் பெட்டிகளை இறக்கினோம். உள்ளே பத்தடி போனவர் திரும்பி ஓடி வந்தார். பாஸ்போர்ட்டை மறந்துவிட்டாரோ என்று காருக்குள் எட்டிப் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்த நான்கு தாள்களையும் எடுத்து என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, கையை வீசிக்கொண்டு போனார்.