திருகு இல்லாத குழாய்

“ஒரு பைப்ப மூடத் தெரியல. இது கோலாலம்பூர்ல இருந்து படிச்சுக் கிழிக்கப் போவுதா?” என்றார் அத்தை. என்னிடம் சொல்லவில்லை, என்னை நிற்கவைத்துக்கொண்டே மாமாவிடம் சொன்னார்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அவ்வளவு படித்ததில்லை. அம்மாவின் தம்பியான மாமா தலைநகரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தார். விடுமுறையில் ஒரு வாரம் அங்கே இருந்து பார்ப்பது, அத்தைக்குச் சரிப்பட்டால் அங்கேயே தங்கி இடைநிலைப் பள்ளியில் சேர்வது, இல்லாவிட்டால் திரும்பி வந்து அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போவது. இதுதான் ஏற்பாடு.

பள்ளியில் பெயர் பதிவதற்கு முந்தைய நாள் நானே காரியத்தைக் கெடுத்தேன்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் குழாய்க்குத் திருகு கிடையாது. மலை ஓடையிலிருந்து வரும் தண்ணீர் இரவும் பகலும் சிமெண்டுத் தொட்டியில் கொட்டிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. மாமா வீட்டிலோ அந்த மாதம் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். வரும்போது சமையலறைக்கு மேலிருந்த தொட்டி தானாக நிரம்பும். குளியலறைக் குழாயைத் திருகிப் பார்த்தேன். இருமியதே தவிர ஒரு சொட்டும் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு அத்தையோடு மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தண்ணீர் வந்து நின்றுபோயிருந்தது. வந்ததெல்லாம் திறந்த குழாய் வழியே சாக்கடைக்குப் போயிருந்தது. தொட்டி காலி.

“மலையில வளந்த பிள்ளலா, அதுக்கு என்ன தெரியும்” என்றார் மாமா.

“அதத்தான் நானும் சொல்றேன். நாளைக்கு ஸ்கூலுக்கு வேணாம், பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

மதியம் கீழே தண்ணீர் லோரி வந்தது. யாரும் சொல்வதற்குமுன் வாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வீடு நான்காம் மாடியில், லிப்ட் இல்லை. முதல் நடையில் பாதித் தண்ணீர் படிக்கட்டுக்குப் போயிற்று. அம்மா நிறைந்த கூடையோடு சரிவில் இறங்குவது நினைவுக்கு வந்தது. சுமை முதுகில் இருக்கும், கைகள் சும்மா இருக்கும். மாமாவின் பழைய கைலியை வார்போல முறுக்கி, ஓர் எண்ணெய் டின்னை முதுகில் கட்டிக்கொண்டு மறுபடியும் வரிசையில் நின்றேன்.

“ஏ பிள்ள, இங்க எங்க கொழுந்து கெடக்கு?” என்றார் கீழ்வீட்டுக்காரர். வரிசையே சிரித்தது.

“மழ நாள்ல கொழுந்துக் கூட இதவிடக் கனம்ண்ணே” என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நடைக்கும் டின்னைத் தூக்கி என் முதுகில் ஏற்றிவிட்டவர் அவர்தான்.

ஒன்பது நடை. கொண்டுவந்ததையெல்லாம் சமையலறையில் இருந்த டிரம்மில் ஊற்றினேன். லோரி போனதும் அத்தை வந்து டிரம்மின் பக்கவாட்டில் விரலால் தட்டிப் பார்த்தார். கழுத்துவரை நிரம்பியிருந்தது. என்னைப் பார்க்காமல் மாமாவிடம், “ஸ்கூல் எத்தன மணிக்குத் தொறக்கும்?” என்று கேட்டார்.

மறுநாள் காலை குளியலறையில் எனக்கென்று ஒரு முழு வாளி இருந்தது. “தலைக்கு ஊத்திக்க. எஸ்டேட்டுப் பிள்ளன்னு ஒருத்தரும் மூக்கச் சுளிக்கக் கூடாது.”

“நீங்க குளிக்கலியா அத்தை?”

“எனக்குச் சளி.”

அத்தையை ஜெயித்துவிட்ட பெருமையில் வாளியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றிக்கொண்டேன். பின் வந்த ஆண்டுகளிலும் தண்ணீர் நின்றால் அத்தைக்குச் சளி பிடிக்கும். தண்ணீர் வந்ததும் சரியாகிவிடும். நகரத்துக் காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைத்தேன். ஒருமுறை ஊரிலிருந்து தைலம்கூட வாங்கிப் போய்க் கொடுத்தேன். சிரிக்காமல் வாங்கிக்கொண்டார்.

இப்போது அதே நகரத்தில் நான் ஆசிரியை. தனி அறை எடுத்திருக்கிறேன். அன்று கைக்குழந்தையாக இருந்த தங்கை ஆறாம் ஆண்டை முடித்துவிட்டாள். அவளைக் கூட்டிப்போக ஊருக்கு வந்திருக்கிறேன். லயத்துக் குழாய் இன்னும் கொட்டிக்கொண்டிருக்கிறது. “இவ அங்க தாக்குப்பிடிப்பாளா?” என்று அம்மா கேட்கிறார். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் அறையில் ஒரு டிரம் நிரம்பி, மூடியோடு நிற்கிறது. மலையில் பஸ் ஏறும் ஊரான தானா ராத்தாவிலிருந்து நாளைக் காலை பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று.