வெள்ளிக்கிழமை மாத்திரை

காலடிப்பேட்டையில் ரோட்டோரம் மீன் விற்கும் கன்னியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. காசிமேட்டில் ஏலம் எடுத்து, கூடையோடு வந்து இறங்கினால் பொழுது சாயும்வரை அதே இடம்தான். மகன் ஜெகதீசன் வீட்டில் இரு என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டான். "என் கால்ல நான் நிக்கிற வரிக்கும் எவ கையையும் எதிர்பாக்க மாட்டேன்" என்பாள். அந்த வாய்க்குப் பயந்தே பலர் பேரம் பேசுவதில்லை.

பிரஷருக்கு அவள் போடும் மாத்திரை, அடிக்கடி மூத்திரம் போக வைக்கும். அவள் உட்காரும் இடத்தில் ஒதுங்க வழியில்லை. ஆம்பளைகள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுவிடுவார்கள், பொம்பளை எங்கே போவாள்? அதனால் வியாபார நாளில் மாத்திரையைத் தொடமாட்டாள். வெள்ளிக்கிழமை மீன் போகாது, கடை கிடையாது. அன்றைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, அந்த வாரம் முழுக்கப் போட வேண்டியதை ஒரே நாளில் மொத்தமாக விழுங்குவாள். மிச்சம் வைப்பது மீன்காரிக்கு ஆகாது. ஐஸ் உருகுவதற்குள் கூடை காலியாக வேண்டும். மாத்திரை அட்டையையும் அவள் அப்படித்தான் பார்த்தாள்.

வாராவாரம் வீடு தேடி வந்து பிரஷர் பார்த்து, ஒரு வாரத்து மாத்திரை கொடுத்துப் போகும் சுகாதார நிலையத்து ரேகா வருவது வியாழன் சாயங்காலம். அட்டை காலியாக இருக்கும். பிரஷரோ எகிறி நிற்கும்.

"ஒழுங்கா போடுறியா ஆயா?"

"ஒண்ணு வுட்டது கெடியாது கண்ணு."

பொய்யும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ரேகா போய்ச் சொல்ல, டாக்டர் மாத்திரையின் பவரைக் கூட்டினார்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, குளித்து மாத்திரைகளை விழுங்கிவிட்டுச் சற்றுப் படுத்துக் கட்டிலிலிருந்து எழுந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"இன்னாத்த, கண்ண இருட்டிகினு வருதா?" மருமகள் பவானி ஓடிவந்தாள்.

"தலைக்கு ஊத்திக்கினேன்ல, அதான்."

அதற்கடுத்த வெள்ளி, முழங்கையில் ரத்தம் கட்டியிருந்தது. பீரோவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். விழுந்தது மகனுக்குத் தெரிந்தால் கூடையைத் தூக்கி எறிந்துவிடுவான் என்று அவளுக்குப் பயம். விழுவதற்கு மட்டும் பயமில்லை. அதை நினைத்தால் பக்கத்து வீட்டிலிருக்கும் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மறு வெள்ளி பவானி சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கும்போது பாத்ரூமில் பக்கெட் உருண்டது. "அத்த" என்றாள். பதில் இல்லை. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஜெகதீசன் கதவை உடைத்தான்.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, பவானி காலி அட்டையை நீட்டி, "ஒரு நாள் தவற மாட்டாங்க சார்" என்றாள். அதே மாத்திரையைத் தொடரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இப்போது கன்னியம்மா படுத்த படுக்கை. ஒண்ணுக்கென்றால் பவானிதான் தட்டு வைக்க வேண்டும். சாத்தாங்காட்டு இரும்புக் கடைக்கு லீவு போட்டுவிட்டு, ஜெகதீசன் அம்மாவை விட்டு நகராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

நேற்று அவன் டீ வாங்கப் போன நேரம், பவானி தலையணை உறையை மாற்றினாள். உள்ளேயிருந்து மாத்திரைகள் உதிர்ந்தன.

"இன்னாத்த இது?"

கன்னியம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அவன் இங்கியே குந்திகினு கீறப்போ உன்ன எப்டிடீ கூப்புடறது? வேலைக்குப் போவட்டும். அன்னிக்கி மொத்தமா போட்டுக்கறேன்."