போறேன் என்று சொன்னவன்

புத்தகக் கட்டு வந்த அன்று கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினேன். ரத்தம் கொதித்தது. என் நாவலின் ராணுவக்காரன் விடுப்பு முடிந்து மறுபடி சண்டைக்குக் கிளம்புகிறான். வாசலில் நின்று "போய் வருகிறேன்" என்கிறான். நான் எழுதியிருந்தது "போறேன்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் முந்நூறு பக்கம் எழுதினேன். முதல் அத்தியாயத்தில் அவன் வாயாடி. "எம்புட்டுச் சோறு வைப்ப, நான் என்ன யானையா?" என்பான். தெருமுனைக் கடைக்குப் போனாலும் "போயிட்டு வாரேன்" என்பான். எல்லையில் கூட இருந்தவர்கள் சாகச் சாக அவன் பேச்சு சுருங்குகிறது. முதலில் கேலி போகிறது. பிறகு யாரையும் எதுவும் கேட்பதில்லை. நாளைக்கு என்ற சொல் அவன் வாயில் வருவதே இல்லை. திரும்பி வரும் எண்ணம் அவனுக்கு இல்லை என்று நான் எங்கும் எழுதவில்லை. அந்தப் "போறேன்" ஒன்றில்தான் அது தெரிய வேண்டும்.

எடிட்டருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"வீட்டை விட்டுக் கிளம்புறவன் போறேன்னு சொல்வானா மேடம்? அபசகுனமாச்சே. கைதவறி எழுதிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார்.

அபசகுனமாம்! சண்டைக்குப் போகிறவனுக்குச் சகுனம் பார்க்கிறார். "ஏன் இப்படிச் சொல்றான்னு என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?" என்று சீறிவிட்டுப் போனை வைத்தேன்.

அந்தச் சொல் என் தம்பியுடையது. பட்டாளத்திலிருந்து வந்துவிட்டு, இப்போது ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறிப் புத்தகத்தோடு அவன் முன்னால் போய் நின்றேன். கோபம் கொஞ்சமும் தணியவில்லை. எடிட்டரை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

அவன் கடைசிப் பக்கத்தை நிதானமாக வாசித்தான்.

"விடுக்கா. அவரு என்ன புதுசாவா செஞ்சுட்டாரு?"

"என்னலே சொல்லுத?"

"லீவு முடிஞ்சு கிளம்புன அன்னைக்கு ஸ்டேஷன்ல நான் போறேன்னு சொன்னப்ப நீ என்ன சொன்ன?"

அவன் சொன்னது எனக்கு நினைவிருந்தது. நான் சொன்னதை மறந்தே போயிருந்தேன். ரயில் கிளம்பும் நேரம். அவன் தோளில் ஓர் அடி போட்டு, "வாய நல்லா வச்சுக்கலே, வாரேன்னு சொல்லு" என்று அதட்டினேன். அவனும் சொன்னான். நிம்மதியாக வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

புத்தகத்தை என் கையில் கொடுத்தான்.

"ஏன்லே இப்படிச் சொல்லுதன்னு நீ கேப்பேன்னு இருந்தேன்க்கா."