நான் அழித்த இரண்டு வரி

போன வருஷம், காலண்டர் சீசன். திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில், அச்சடிக்கும் தகடான பிளேட்டைப் போடும் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. எட்டாவதுதான் படித்தேன். மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றது.

சீசனுக்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து படுத்துவிட்டது. சர்வீஸ்காரர் லினக்ஸ் போடச் சொல்லி, பென் டிரைவும் செய்முறை எழுதிய தாளும் கொடுத்தார். முதல் தடவை போட்டேன். பிளேட் மெஷினோடு சேரவில்லை. இரண்டாம் தடவை இங்கிலீஷில் ஏதோ கேட்டது. புரியாமல் ஓகே கொடுத்தேன். பழைய பைல் மொத்தமும் போச்சு.

"ஏண்ணே, வெள்ளையடிக்கச் சொன்னா வீட்டையே இடிச்சிட்டீகளே" என்று சிரித்தார் சர்வீஸ்காரர். பிறகு அவரே வந்து ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து போட்டார். எந்த பைல் எப்போது வந்தது, யார் அதை பிளேட்டுக்கு அனுப்பினார்கள் என்று கம்ப்யூட்டரே வரி வரியாக எழுதி வைக்கும்படி செய்தார். லாக் என்பார்கள். பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்.

ஐப்பசியில் ஒரு ஜவுளிக்கடை காலண்டர், ஒரு லோடு முழுக்க, கடையின் பழைய போன் நம்பரோடு அச்சாகிவிட்டது. முதலாளி பைல் திருத்தும் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். ஆமத்தூரிலிருந்து வருகிறவள். "திருத்தித்தான் அனுப்புனேன். லாக்குல இருக்கும், பாக்கச் சொல்லுங்க" என்றாள். பிளேட் போட்டதும் பைல்களை அழித்துவிடுவோம். மிச்சம் அந்த லாக்தான்.

தனியாகத் திறந்து பார்த்தேன். திருத்திய பைல் பத்தரைக்கு வந்திருந்தது. பதினொன்றுக்கு நான்தான் திருத்தாத பழைய பைலை எடுத்து பிளேட் போட்டிருந்தேன்.

இரண்டு வரியையும் அழித்தேன். லாக்கில் அப்படி ஒன்றும் இல்லை என்று முதலாளியிடம் சொன்னேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் அவளிடம்.

அவள் சண்டை போடவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "நீங்களே பாத்தும் இல்லேன்னா, நாந்தான் மறந்துருப்பேன் போலண்ணே. உங்களுக்கும் சிரமம் குடுத்துட்டேன்" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "பாவம் பாத்துப் பழிய ஏத்துக்கிட வந்தீகளாக்கும்? எங்க, லாக்கக் காட்டுங்க." காட்ட ஒன்றும் இல்லை. அழித்ததே நான்.

சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். வரியை அழித்ததையும் சொன்னேன். "உங்க கை மேல எனக்குப் பயம்ணே. அதான் முதலாளி ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு காப்பி போற மாதிரி வச்சிருக்கேன். அத உங்களால அழிக்க முடியாது" என்றார்.

ஆபீஸில் திறந்தார்கள். இரண்டு வரியும் இருந்தன. என் பேரும் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பஸ் ஸ்டாப்பில் நின்றவளிடம் நானே போய் நடந்ததைச் சொல்லிக் கூட்டி வந்தேன். முதலாளி அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். அண்ணே என்று கூப்பிடுவது மட்டும் நின்றுவிட்டது.

நான் சொன்ன உண்மையை நம்பவைக்க, என் கைக்கு எட்டாத இடத்தில் ஒரு காப்பி இருக்க வேண்டியிருந்தது என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.